ரொட்டி அடுப்பு

தையல்நாயகி மூடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, போல்ட் துளைகளின்மேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கார் என்ஜினின் தலைமேல் உட்காரும் அலுமினிய மூடி அது. உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, காகிதம் ஒட்டி அவள் நீட்டுவாள். அம்மணி துணியால் பிடித்து வாங்கிப் போய் இரும்புச் சட்டத்தில் வரிசையாக வைப்பாள். அதன் பிறகு மூடியை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

டப்பாவில் ரிங்கிள் பெயிண்ட் என்று போட்டிருந்தது. ஷெட்டில் அதற்குச் சுருக்குப் பெயிண்ட் என்று பெயர். முதலாளி ராஜவேலு தாமே ஸ்பிரே கன்னைப் பிடிப்பார். மெட்ராஸில் வேறொருவரிடம் பல வருஷம் அடித்துவிட்டு, திண்டிவனத்துக்கு வந்து மரக்காணம் சாலையில் சொந்தமாக ஷெட் போட்டவர். நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம், சாய்வாக ஒரு தரம் என்று அடிப்பார். ஈரத்தில் பெயிண்ட் கண்ணாடி போல வழவழவென்றிருக்கும். கரண்ட் அடுப்பில் வைத்தால் மேல்தோல் முதலில் காயும். அடியில் உள்ளது காய்ந்திருக்காது. அப்போது மேல்தோல் மடிந்து மடிந்து சுருங்கும். வார்ப்பில் உள்ள சின்னக் குழிகளெல்லாம் அந்தச் சுருக்கத்தில் மறைந்துபோகும். அடித்த உடனே சூடு கிடைக்காவிட்டால் சுருங்காது. அங்கங்கே வழுக்கையாக நின்றுவிடும். அப்புறம் சுரண்டி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று கடைசி மூடிக்குச் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தபோது கம்ப்ரஸர் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. மின்விசிறியும் நின்றது.

மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம். கரண்ட் வெட்டு பழகிப்போயிருந்தது. ஆனால் வெட்டு மதியத்துக்கு மேல்தான். அதற்காகவே ராஜவேலு காலையில் அடித்து முடிப்பார். பக்கத்து ரைஸ் மில்லுக்கு ஓடிப்போய் போன் பேசிவிட்டு வந்தார்.

"டிரான்ஸ்பார்மரு எரிஞ்சி பூட்டுச்சாம். பொழுது சாயற வரைக்கும் வராதுன்றான்."

"சாயங்காலம் லாரி வருதே மொதலாளி" என்றாள் அம்மணி.

"லாரி மட்டுமா வருது? கம்பெனி ஆளும் கூட வரான். இந்த லோடு சரியா இருந்தாத்தான் மேக்கொண்டு ஆர்டரு, இல்லாட்டி மெட்ராஸ்லயே குடுத்துக்கறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனான். இன்னா பேஜாரு பாரு." அவர் சட்டத்தில் இருந்த மூடிகளைப் பார்த்தார். நாற்பது மூடிகளும் கறுப்பாகப் பளபளத்தன. "ஷெட்டப் பூட்டிக்கினு நீங்களும் நானும் மல்லாட்டக் கொல்லையில கடல புடுங்கப் போவ வேண்டியதுதான்."

தையல்நாயகி அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்த ஷெட்டில் அவள் குரலைச் சில நாள் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். அம்மணியின் பக்கமாகத் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "எங்க தம்பி அடுப்புல இந்நேரத்துக்கு நல்ல சூடு இருக்கும்."

"எந்த அடுப்பு?" என்றார் ராஜவேலு.

சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போதே தோன்றியது.

அவளுடைய தம்பி, பெரியதம்பி என்று பெயர், கடைவீதியில் சக்கரபாணியின் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். செங்கல் அடுப்பு. விடியலில் சவுக்குக் கட்டை எரித்து, ரொட்டியும் பன்னும் சுட்டு எடுத்துவிட்டால், அடுத்து நெருப்புப் போடுவது சாயங்காலம்தான். நடுவில் அடுப்பு சும்மா கிடக்கும். செங்கல் மட்டும் ஆறாமல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் கண்டமங்கலம். மாப்பிள்ளை மழையை நம்பி இருக்கிறவன் இல்லை, மாசாமாசம் சம்பளம் வாங்குகிறவன் என்றுதான் பெண் வீட்டார் சம்மதித்திருந்தார்கள்.

"அது ரொட்டி சுடற அடுப்புங்க" என்றாள் தையல்நாயகி. "பெயிண்டு வாசம் புடிச்சிக்கும்."

"நமக்கு சூடுதானேம்மா வேணும்? ஒரு மணி நேரம். நானே வந்து கேக்கறேன். நாளைக்கு சக்கரபாணி எதுனா கேட்டாருன்னா நான் பதில் சொல்லிக்கறேன். நீ கெளம்பு, ஜல்தி."

சட்டத்தைத் தூக்கி மூன்று சக்கர வண்டியில் வைத்தார்கள். தெருத்தூசி படாமல் இருக்க, ஷெட்டில் திரையாகத் தொங்கிய வேட்டித் துணியை அவிழ்த்து, அம்மணி ஒரு பக்கமும் தையல்நாயகி ஒரு பக்கமும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ராஜவேலு வண்டியைத் தள்ளினார். டீக்கடையில் இருந்த ஒருவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"இன்னாம்மா, எந்த ஊரு சாமி பொறப்பாடு?"

"ஒன் மாமியாரு ஊரு சாமி. வந்து தள்ளு, புண்ணியம் கெடைக்கும்" என்றாள் அம்மணி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. விழுப்புரம் போகும் சரக்கு வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. ராஜவேலு துணிக்கு அடியில் குனிந்து குனிந்து பெயிண்டைப் பார்த்தார். தையல்நாயகி துணியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

சக்கரபாணி ஒரு கேஸ் விஷயமாக விழுப்புரம் போயிருந்தார். பெரியதம்பி பின்கட்டில் மைதா மூட்டைமேல் சாய்ந்திருந்தவன், வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"இன்னாக்கா இது?"

அவள் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"போன வருசம் எங்கூட வேல பாத்த மண்ணாங்கட்டி இதுல கருவாடு சுட்டான்னு மொதலாளி அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிட்டாரு. தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினு எடுத்துக்கினு வந்துகிற."

"தம்பி" என்றார் ராஜவேலு. "ஒங்க அக்கா சோறும் இதுலதான் இருக்குது. எதுனா வந்தா நானாச்சி. சக்கரபாணி எனக்குத் தெரியாத ஆளா?"

பெரியதம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வண்டி திரும்பிவிடும். அவள் மூடிகளைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த ஒன்றில் பளபளப்பு மங்கி, ஆறிய பாலைப்போல ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

"வையிடா" என்றாள். "காஞ்சிப்போவுது."

அவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். மிச்சம் கிடந்த தணலையெல்லாம் வாரி வெளியே போட்டான். ஈரச்சாக்கால் அடுப்பின் தரையைத் துடைத்தான். ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே எறிந்து, அது கருகாமல் மெல்லச் சிவக்கும் வரை காத்திருந்தான். பிறகு மூடிகளை ரொட்டித் தட்டுகளில் ஏற்றி, நீண்ட மரத்துடுப்பால் ஒவ்வொரு தட்டாக உள்ளே தள்ளி, வாயை இரும்புத் தகட்டால் மூடினான். கொஞ்ச நேரத்தில் தகட்டின் இடுக்கு வழியாகப் புகை வந்தது. கண்ணை எரித்தது. அம்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அக்காவும் தம்பியும் அடுப்பின் அருகிலேயே நின்றார்கள்.

தட்டுகளை வெளியே இழுத்தபோது ராஜவேலு ஒரு மூடியின்மேல் குனிந்து ஓரத்திலிருந்து நடுவரை பார்த்தார். கரண்ட் அடுப்பில் ஓரத்தில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் சுருங்கும். இதில் மூடி முழுவதும் ஒரே மாதிரி, நெருக்கமாக, பொடியாகச் சுருங்கியிருந்தது. செங்கல் நாலு பக்கமும் ஒரே சூட்டைக் கொடுத்திருந்தது.

"பன்னு மாதிரி உப்பும்னு பாத்தேன்" என்றான் பெரியதம்பி. "முத்துன பாவக்கா தோலாட்டம் ஆயிடுச்சே."

தையல்நாயகி அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

சாயங்காலம் வந்த கம்பெனி ஆள் ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். "இதுக்கு முன்னாடி இப்பிடி வரலையே ராஜவேலு" என்றான்.

"புது மெத்தடு சார்" என்றார் ராஜவேலு.

சாயங்காலம் சுட்ட பன்னை மறுநாள் காலையில் முதலில் திருப்பிக் கொண்டுவந்தவர் பஸ் நிலையத்து டீக்கடைக்காரர். பையோடு பேக்கரிக் கல்லாமேல் வைத்துவிட்டு, "லாரி ஷெட்டுலயா சுட்டீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பின்னாலேயே மற்றக் கடைக்காரர்களும் வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கூடை ரொட்டி அப்படியே திரும்பி வந்தது. சக்கரபாணி ஒரு பன்னைப் பிட்டு முகர்ந்தார். பின்கட்டுக்கு வந்து அடுப்பு வாய்க்குள் தலையை நீட்டி முகர்ந்தார். பெரியதம்பி தானாகவே எல்லாவற்றையும் சொன்னான்.

சக்கரபாணி அவனை அடிக்கவில்லை. "நாலு பேரு வாயில வைக்கிறதுடா" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் வெறுமனே சவுக்குக் கட்டையைப் போட்டு எரித்துப் பார்த்தார்கள். கட்டையெல்லாம் பெரியதம்பிதான் தூக்கிப் போட்டான். நாலாம் நாள் ஒரு தட்டு பன் சுட்டு எடுத்தார்கள். சூடாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆறியதும் அந்த நாற்றம் எழுந்து வந்தது. அடுப்பை இடித்து வேறு கட்ட வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். சக்கரபாணி பெரியதம்பியைக் கூப்பிட்டு, துண்டையும் சட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று தையல்நாயகி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஷெட் வாசலில் நின்றாள். ராஜவேலு ஸ்பிரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, நீங்க ஒரு வார்த்த பேசனீங்கன்னா..."

"யார்கிட்ட?"

"பேக்கரிக்காரருகிட்டங்க. தம்பிய மறுபடி வேலைக்கு எடுத்துக்கச் சொல்லி. பதில் சொல்லிக்கறேன்னு சொன்னீங்களே."

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. "நான் போயி இன்னான்னும்மா சொல்றது? நாந்தான் ஒங்க அடுப்பக் கெடுத்தேன், புதுசா கட்டிக் குடுக்கறேன்னா? கட்டிக் குடுன்னுதான் சொல்வாரு. எங்கிட்ட இருக்குதா அதுக்கு?" கன்னைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடுப்பு இருக்குதுன்னு யாரு சொன்னது? நானா சொன்னேன்?"

பெயிண்ட் கலந்த தின்னர் கறுப்பாக அவள் காலருகே ஓடி வந்தது. நகர்ந்து நின்றாள்.

"ஒனக்கு வேல இருக்குதில்ல" என்றார். இப்போது குரல் தணிந்திருந்தது. "ஆர்டரு ரெண்டு மடங்கா வருது. நீ உண்டு ஒன் வேல உண்டுன்னு இரு. தம்பிக்கு எதுனா பாக்கலாம்."

வீட்டில் பெரியதம்பி துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். சோறு போட்டபோது தட்டை வாங்கிக்கொண்டான். பாதி சாப்பிட்டுவிட்டு, "அந்தாளு மேல தப்பில்லக்கா" என்றான். எந்த ஆளைச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அந்த வாரமே கண்டமங்கலத்திலிருந்து தரகர் வந்தார். ஆவணி வேண்டாம், தைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண் வீட்டில் சொல்வதாகச் சொன்னார். எதனால் என்று அவரும் சொல்லவில்லை. மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

ராஜவேலு சொன்னபடியே பார்த்தார். ஷெட்டின் பின்னால் இடம் சமப்படுத்தி, செங்கல் அடுப்பு கட்ட ஏற்பாடு செய்தார். பெரியதம்பிக்குச் சொல்லி அனுப்பினார்.

"நெருப்புப் போடற வேலை. தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும். தெனக்கூலிதான், மாசச் சம்பளம்லாம் கேக்காத. மழ பேஞ்சி கரண்டு சீரா வந்துடுச்சின்னா இந்த அடுப்பு எனக்கு வேணாம். அப்ப நீ வேற பாத்துக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றான் பெரியதம்பி.

"புகை அடிக்கும். மூக்குல துணி கட்டிக்க."

"சரிங்க."

முதல் நாள் நெருப்பு வேலை இல்லை. செங்கல் இறக்கும் வேலை. மாட்டுவண்டி வந்து நின்றதும் பெரியதம்பி தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு போனான். வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். தையல்நாயகி உள்ளிருந்து பார்த்துவிட்டு, கையில் இருந்த மூடியை வைத்துவிட்டு வந்தாள். செங்கற்களின் ஒரு முகம் கரியேறிக் கறுத்திருந்தது. ரொட்டிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை அடித்தது.

"சக்கரபாணி இடிச்ச அடுப்பக் கெடைச்ச வெலைக்குத் தள்ளிவுட்டாரு" என்றார் ராஜவேலு. "சூட்டுல பதப்பட்ட கல்லு. நமக்கு வாசம் அடிச்சா இன்னா போச்சி?"

பெரியதம்பி சுமக்க, தையல்நாயகி எடுத்து எடுத்து அவன் தலையில் வைத்தாள். கொத்தனார் அடித்தளம் போட்டு முடித்துத் தரைக்கற்களைக் கேட்டார். அவை அகலமான சதுரக் கற்கள். ஒன்றை இறக்கி வைத்தபோது அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரிந்தது. எட்டு வருஷமாக அவன் துடுப்பு போய்ப் போய் வந்த தடம். விரலை வைத்தால் படுத்துக்கொள்ளும் ஆழம்.

ராஜவேலு ஒரு மூடியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

"ஆடுது பாரு. திருப்பிப் போடு."

பெரியதம்பி குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைப் புரட்டி, பள்ளம் விழுந்த பக்கம் மண்ணுக்குள் போகும்படி வைத்து அழுத்தினான். மேலே வந்த பக்கம் சூளையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோலச் சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.