துரையின் அம்மா சொன்ன சாட்சி

மகனின் உயிரை முடித்துவைக்க அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போன அன்றைக்கும் அவள் அவனுக்கு நகம் வெட்டி, வகிடெடுத்துத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டித்தான் கூட்டிப்போனாள். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பிள்ளை கசங்கிப்போய் வரலாமா?

இதைக் கேட்டதும் அவள்மேல் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். வரட்டும். திட்ட வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த வீட்டில் போய் இருந்துவிட்டு வாருங்கள்.

பிள்ளையை வீட்டில் துரை என்று கூப்பிடுவார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை அடிபட்டுப்போனவன். உட்கார மாட்டான், பேச மாட்டான். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் ஆகாரம். அவ்வப்போது வலிப்பு வந்து வீட்டையே உலுக்கும். படுத்த இடத்தைவிட்டு அசையாமல் இரண்டு ஆட்களை வேலை வாங்குகிறவனுக்கு வேறு என்ன பட்டம் பொருந்தும் என்று அவன் அப்பா வைத்த பெயர் அது.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலைப் பணி. அம்மா நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சலவைக்கடையில் மதியத்துக்குமேல் இஸ்திரி போடுகிறவள். அவர் உள்ளே நுழைய, இவள் வெளியே கிளம்ப, பிள்ளையை வாசலிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். "சளி எடுத்தாச்சு, மருந்து இன்னும் குடுக்கல" என்பதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் நடக்கும் பேச்சு. துரைக்குச் சளி அடைத்துக்கொண்டால் உடனே குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர் கண்ணை மூடலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கிய காலம் எது என்று இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே அவள் மயங்கிச் சரிந்தாள். ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு கருகியது. கடைக்கார அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவளுக்கு வந்த முதல் நினைப்பு, நான் எழுந்திருக்காமலே போயிருந்தால் துரையை யார் பார்ப்பார்கள் என்பதுதான். அந்த நினைப்பு வந்தது வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை.

உதவி கேட்டு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. பெற்றவர்கள்தான் இருக்கிறீர்களே என்றார் ஒருவர். குழாய் வைத்த பிள்ளைகளை எங்கள் இல்லத்தில் சேர்ப்பதில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசியில் அவளே ஒருநாள் புருஷனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"நாம இருக்கும்போதே அவன் போயிட்டா நல்லதுங்க. நமக்கப்புறம் அவன் யார் கையிலயும் சீரழியக் கூடாது."

அவர் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "வக்கீல் யாரையாவது பாக்கலாமா?" என்றார்.

கோட்டைத் தேய்க்கக் கடையில் கொடுப்பவர்களில் ஒரு மீசைக்கார வக்கீல் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் நாளைக்குப் பேப்பரில் வரப்போகிற வழக்கு என்று அவர் கண்ணிலேயே எழுதியிருந்தது. தன் வாயால் கேட்க முடியாத ஒருவனுக்காக இன்னொருவர் போய்ச் சாவைக் கேட்கலாமா? அதற்குச் சட்டப் புத்தகத்தில் நேரான பதில் இல்லை. அதனால் நீதிபதி மனுவை எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு காரியம் செய்தார். பிள்ளையின் சார்பில் பேச ஒரு பெண் வக்கீலை நியமித்தார்.

அந்த அம்மாள் ஒரு காலை நேரம் துணிப்பையும் கையுமாக வந்து கதவைத் தட்டினாள்.

"என் கட்சிக்காரரைப் பாக்கணும்."

"அவரு டூட்டிக்குப் போயிருக்காரே."

"உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. உள்ள படுத்திருக்காரே, அவரு."

துரையை அவர் இவர் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. வக்கீலம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வணக்கம் சார். நான் உங்க வக்கீல். உங்களுக்கு எதிரா ஒரு மனு வந்திருக்கு. அதான் உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள், ஒரு பெரிய மனிதரிடம் பேசுகிற பணிவோடு.

உங்களுக்கு எதிரா. அம்மாவுக்குச் சுருக்கென்றது. அவன் நல்லதுக்கு என்று அவள் கையெழுத்துப் போட்ட மனு அது. அவனுக்கு எதிரானது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஆத்திரத்தில் ஏதாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தால், கண் அந்தத் துணிப்பைக்குப் போயிற்று. உள்ளே கறுப்புக் கோட்டைச் சுருட்டித் திணித்திருந்தாள் அந்தப் பெண். தொழில்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"அந்தக் கோட்டை இப்படிக் குடுங்க. இந்தக் கோலத்துலயா நீதிபதி முன்னாடி போய் நிப்பீங்க?"

எதிர்க்கட்சி வக்கீலின் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனுதாரர் அந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பெட்டி சூடேறி 'புஸ்' என்று ஆவியைக் கக்கியதும் கட்டிலில் துரை உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். வக்கீலம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, கட்சிக்காரரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

விசாரணை நாள். வாடகை வேனில் துரையைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக் கொண்டுபோனார்கள். கூடம் நிரம்பியிருந்தது. அப்பா பின்வரிசை ஓரத்தில் நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மீசைக்காரர் எழுந்து மருத்துவ அறிக்கையைப் படித்தார். சுற்றி நடப்பது எதுவும் தெரியாத பிள்ளை, விருப்பு வெறுப்பு இல்லாத பிள்ளை, தாங்க முடியாத வேதனையில் இருக்கிற பிள்ளை. கடைசியில் குரலை உயர்த்தினார்.

"கால் ஒடிஞ்ச குதிரையைக்கூட நாம துடிக்க விடறதில்லைங்க ஐயா!"

குதிரையா? அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். நம் பக்கத்து வக்கீலாயிற்றே என்று பொறுத்துப்போனாள். ஆனால் உள்ளே ஏதோ சூடேறத் தொடங்கிவிட்டது.

அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீலம்மா எதிரே வந்து நின்றாள். கிடுக்கிப்பிடியாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மகன் ஆளு எப்படிம்மா?"

"எப்படின்னா?"

"குணத்தைக் கேக்கறேன். சாதுவா, கோவக்காரரா?"

டாக்டர்கள் எடையைக் கேட்டிருக்கிறார்கள். அலுவலகங்களில் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் என்ன பாவம் செய்தாயோ என்று கேட்டிருக்கிறார்கள். ஆள் எப்படி என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. கூடம் நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா அது?

"அய்யோ, கோவமா! மூக்குமேல நிக்கும். வகிடு இடதுபக்கம்தான் எடுக்கணும். மாத்தி எடுத்துப் பாருங்க, பல்லைக் கிட்டிச்சுக்குவான். அன்னைக்கு முழுக்க என் முகத்தைப் பாக்க மாட்டான். அவங்க அப்பா தெருமுனையில வரும்போதே இவனுக்குத் தெரிஞ்சிரும், கண்ணு வாசலுக்குப் போயிரும். எனக்கு அப்புறம்தான் செருப்புச் சத்தமே கேக்கும்."

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"டிவியில மழை வருமா வெயிலடிக்குமான்னு சொல்ல ஒரு பொண்ணு வரும். அந்தப் பொண்ணு நின்னா இமை கொட்ட மாட்டான் துரை. அடுத்தாப்ல செய்தி வாசிக்க ஒருத்தர் வருவாரு பாருங்க, டக்குனு செவுத்துப் பக்கம் திரும்பிக்குவான். அவரைக் கண்டாலே ஆகாது. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எங்களுக்கு மேல சத்தம் போடுவான். நாங்க வாயை மூடினாத்தான் அவன் மூடுவான். எங்க வீட்டு நீதிபதியே அவன்தாங்க."

கூடத்தில் சிரிப்பு. நிஜ நீதிபதி குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். மீசைக்காரர் இந்தமுறை பலமாக இருமினார்.

"அவருக்கு யாராவது தண்ணி குடுங்க பாவம்" என்றாள் அம்மா. "எங்க விட்டேன்? ஆங், எல்லாத்துக்கும் மேல இஸ்திரிப் பெட்டி. அதுல ஆவி விட்டாப் போதும். அழுதுக்கிட்டு இருந்தாலும் சரி, சளி கட்டியிருந்தாலும் சரி. இப்படித்தாங்க, புஸ்ஸ்ஸ்ஸ்..."

பின்வரிசையிலிருந்து வெடித்தது சிரிப்பு. விக்கலும் கொக்கரிப்பும் கலந்த சிரிப்பு. நாற்காலி கடகடவென்று ஆடியது. தலை ஒருபக்கம் சாய, வாய் கொள்ளாமல் துரை சிரித்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. மீசைக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. விருப்பு வெறுப்பு இல்லாத பிள்ளை என்று தான் கையெழுத்துப் போட்ட மனுவைத் தன் வாயாலேயே கிழித்துப் போட்டிருந்தாள்.

வக்கீலம்மா கெக்கலிக்கவில்லை. "ஐயா, இந்தச் சிரிப்பை நான் ஆதாரமாக் காட்டப் போறதில்லை" என்றாள் நீதிபதியிடம். "இன்னைக்கு இவர் தூங்கியிருக்கலாம். பிறந்ததிலேருந்து ஒருதடவைகூடச் சிரிக்காதவராவும் இருந்திருக்கலாம். அப்பவும் இந்த உயிர் இவரோடதுதான். சிரிச்சுக் காட்டினாத்தான் வாழலாம்னு எங்க யாருக்கும் சட்டம் இல்லை, இவருக்கு மட்டும் எதுக்கு?" பிறகு கூண்டுப் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரே ஒரு கேள்விதான்மா. மனுவுல தாங்க முடியாத வேதனைன்னு இருக்கே. அது யாரோட வேதனை?"

அம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் துரையின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"என்னோடதுங்க! அவன் நல்லாத்தான் இருக்கான். வலிப்பு வந்தா மருந்து இருக்கு, சளி கட்டினா எடுத்துவிட நான் இருக்கேன். எனக்குத்தான் ஒண்ணும் இல்ல. தூக்கம் இல்ல. நான் செத்தா அவனுக்கு நாதி இல்லைங்கிற பயம் இருக்கே, அது என்னைத் தின்னுது." அவள் குரல் உடையவில்லை. மாறாக ஏறியது. "உதவின்னு கேட்டு எத்தனை படி ஏறினேன். ஒரு நாய் திரும்பிப் பாக்கல. சாவுன்னு கேட்டேன், இத்தனை பேர் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர், தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுபோல் நாற்காலியில் சரிந்தார்.

"நீங்க எந்திரிங்க" என்றார் நீதிபதி அவரைப் பார்த்து.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு உத்தரவு வந்தது. நீதிபதி நிதானமாகப் படித்தார். ஒருவருடைய உயிரை அவருக்காக என்று சொல்லி இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாது, பெற்றவளே ஆனாலும். தாயின் களைப்புக்குப் பிள்ளையின் சாவு மருந்து ஆகாது. களைத்தவளைத் தாங்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது, அதை இதுவரை அரசு செய்யவில்லை. இன்று இரவிலிருந்தே பயிற்சி பெற்ற செவிலியர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இடம் தர வேண்டும், குழாய் வைத்த பிள்ளை என்று யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. பெற்றோர் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு அரசே பாதுகாவலர். மனு தள்ளுபடி.

தள்ளுபடி என்ற சொல் விழுந்ததும் பின்வரிசையில் அப்பா எழுந்து நின்று, எங்கே இருக்கிறோம் என்பதை மறந்து, கையைத் தட்டினார். யாரும் அவரை அடக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் மீசைக்காரர் வந்தார். "என் கட்சிக்காரரே என்னைக் கவுத்துட்டாங்க. இப்படி ஒரு வழக்கு எனக்கு அமைஞ்சதே இல்லம்மா" என்று சிரித்தார். குனிந்து துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குதிரைன்னதை மனசுல வெச்சுக்காதீங்க துரை."

அம்மாவின் போன் அடித்தது. கடைக்கார அக்கா. "என்னாச்சுடி? சொல்லித் தொலை, கையும் ஓடல காலும் ஓடல."

"தோத்துட்டோம்க்கா!" தாழ்வாரம் அதிரக் கத்தினாள் அம்மா. "மண்ணைக் கவ்விட்டோம்! ஒண்ணு விடாமத் தோத்துட்டோம்!"

போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். இப்படி ஒரு முகத்தோடு தோற்றவர்களை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

வேனைக் காலையிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நீதிமன்ற வாசலில் வந்து நின்ற பேருந்தை ஓட்டியவர் அப்பாவின் கூட்டாளி. அவரே இறங்கி வந்து சரிவுப்பலகையைப் போட்டு நாற்காலியை உள்ளே தள்ளினார். துரை அதுவரை பேருந்தில் ஏறியதே இல்லை. யாருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று அவர்கள் ஏற்றியதே இல்லை.

"ராத்திரி நர்ஸ் வந்துரும். இப்ப நான் பாத்துக்கறேன், நீ சாஞ்சு தூங்கு" என்றார் அப்பா.

"தூக்கமா? இன்னைக்கா?" என்றாள் அம்மா. எத்தனை வருஷத்துத் தூக்கம் பாக்கி கிடந்தது. ஒரு சொட்டுகூடக் கண்ணில் இல்லை.

பேருந்தின் கதவு மூடியது. புஸ்ஸ்ஸ்.

துரை கொக்கரித்தான்.

அப்பா கதவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "இத்தனை வருஷமா நான் ஓட்டற வண்டிதானே இது" என்றார் மெதுவாக. "எனக்குத் தோணவே இல்லையே."

முதல் நிறுத்தத்தில் கதவு திறந்தது, மூடியது. துரையோடு சேர்ந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்ததில் பாதி வண்டி சிரித்தது. அதற்கடுத்த நிறுத்தத்தில் ஏறவோ இறங்கவோ ஒருவரும் இல்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்தார்.