நிரம்பாத மூலை

எசன் நகரின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றைப் பிருந்தனும் சுபானியும் வாங்கியிருந்தார்கள். பின்வளவில் சைக்கிள் கொட்டில் போடுவதற்குப் பிருந்தன் முழங்கால் ஆழத்துக்கு அத்திவாரம் வெட்டினான். சீமெந்து கலக்கும் சிறிய மிக்சர் ஒன்றையும் வாடகைக்கு எடுத்துவந்தான்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. சுபானி மணலும் சல்லியும் அள்ளிப் போட, அவன் சீமெந்தும் தண்ணீரும் விட்டுக் கலந்து கொட்டினான். மூன்று பக்கங்களும் நிரம்பிவிட்டன. வேலிப்பக்க மூலை மட்டும் நிரம்பவில்லை. கொட்டிய கலவை, குழியோரம் அடித்திருந்த பலகையின் விளிம்பு வரை வரும். அடுத்த கலவை தயாராவதற்குள் இறங்கிவிடும்.

"இஞ்சாருங்கோ, இது எங்கையோ போகுது."

"உள்ளுக்கிருக்கிற காத்து வெளிக்கிடுது. நீர் சல்லியைப் போடும்."

மணல் குவியல் தேய்ந்துகொண்டே வந்தது. அவள் அள்ளுவதை நிறுத்தி அந்த மூலையையே பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினா, எழுபது வயதைத் தாண்டியவர், சத்தம் கேட்டு வேலியருகே வந்தார். குழியைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"அந்த மூலையில் எங்கள் அப்பா எங்களை விளையாட விட்டதே இல்லை," என்றார் ஜெர்மன் மொழியில். "ஏன் என்று கேட்டால் அடிதான் விழும்."

மிக்சர் இரைச்சலில் அது பிருந்தனுக்குக் கேட்கவில்லை. கலவையை மிதித்து இறுக்கவென்று அவன் பூட்ஸ் காலோடு அந்த மூலைக்குள் இறங்கிவிட்டிருந்தான்.

சுபானி ஓடிப்போய் மிக்சரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"என்ன விசர் வேலை பார்க்கிறீர்? எல்லாம் இறுகப் போகுது!"

"கதையாதேங்கோ. கேளுங்கோ."

நிலத்துக்கடியில் ஒரு கல் எங்கோ மோதி, மறுபடியும் மோதி, வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்தது.

பிருந்தன் காலை உயர்த்தப் பார்த்தான். கலவை இழுத்துப் பிடித்திருந்தது.

"சுபா, ஏலாமக் கிடக்கு."

சுபானி நீண்ட பலகையொன்றைக் குறுக்கே எறிந்து, அதில் குப்புறப் படுத்து, அவன் கக்கத்துக்குள் கைகளைக் கொடுத்தாள்.

"பூட்ஸை விடுங்கோ! காலை மட்டும் உருவுங்கோ!"

ஒரு கால் வந்தது. மற்றதும் வந்தது. இருவரும் புல்லில் விழுந்து, தவழ்ந்தே சுவரோரம் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் அந்த மூலை போனது. பெரிய சத்தமொன்றும் எழவில்லை. சாம்பல் நிறக் கலவை தொட்டித் தண்ணீர் வடிவதுபோலச் சுழன்று இறங்கியது. பலகை போயிற்று. மிக்சரும் சாய்ந்து அதன் பின்னால் போயிற்று. அதன் வயர் புல்லில் நெளிந்து, அவர்கள் காலடியைக் கடந்து, குழிக்குள் மறைந்தது.

கிறிஸ்ரினா கூப்பிட்ட தீயணைப்புப் படை வந்து வளவைச் சுற்றி நாடா கட்டியது. சப்பாத்து எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. பிருந்தன் காலுறையோடு தெருவில் நின்றான். சீமெந்து அவன் கெண்டைக்காலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. சுபானி போத்தல் தண்ணீரால் அதைக் கழுவிவிட்டாள்.

கயிற்றில் விளக்கைக் கட்டிக் குழிக்குள் இறக்கிப் பார்த்த சுரங்கப் பொறியியலாளர் நிமிர்ந்து அவர்களுடைய வீட்டைப் பார்த்தார். பிறகு கிறிஸ்ரினாவின் வீட்டை. அதற்கப்பால் இருந்ததையும்.

"பழைய சுரங்கத்தின் வெற்றிடம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது," என்றார்.

தீயணைப்பு வீரர்கள் தெரு நெடுகிலும் ஒவ்வொரு வீட்டு மணியாக அடிக்கத் தொடங்கினார்கள்.