கூடுதல் உறுப்பினர்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்து மானத்தை வாங்க வேண்டாம்.

திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஆவடியில் இரண்டு பேர் ஏறினார்கள். இந்துக் கல்லூரி நிறுத்தம் வருவதற்குள் சண்டை முற்றிவிட்டது. "படம் பாக்குற பாஸ்வேர்ட யாருக்குக் குட்த்த, அத்த மட்டும் சொல்லு" என்றார் பெரியவர். "என் புள்ள மேல சத்தியமா யாருக்கும் குடுக்கல" என்றார் மற்றவர். சத்தியம் செய்தவர் பட்டாபிராமில் இறங்கிப் போய்விட்டார். கேட்டவர் திருநின்றவூர் வரை என் எதிரில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் படம் பார்க்கிற சந்தாவுக்காக ஒருவர் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்வாரா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, கதைதான் வரும்.

2

முதல் தொடக்கம்: "கரையான்சாவடி மெயின் ரோட்டில், மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே, ஒரு காலத்தில் மோகனின் டிவிடி கடை..."

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நான் பெருமூச்சு விட்டாக வேண்டும், நீங்களும் கூடவே விட வேண்டும். மோகன் கடை மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. பாதி டிவிடியில் கீறல். மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மோகன் முறைப்பார்.

இரண்டாவது தொடக்கம்: "கம்பெனி மூன்றாவது முறையாகச் சந்தாவை ஏற்றிய அன்று இருதயராஜுக்கு முதன்முறையாகத் தோன்றியது, தன் கணக்கில் யாரோ..."

இது தேவலாம். இதிலேயே போகிறேன்.

[* எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கதையில் அதற்குப் பெயர் கம்பெனி. நீங்கள் பார்க்கிற கம்பெனியாக இருந்தால் அது உங்கள் மனப்பிரமை. அது போகட்டும், நீங்கள் யாருடைய பாஸ்வேர்டில் பார்க்கிறீர்கள்?]

3

இருதயராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி ஜெயகுமாரியும்தான். நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீடு கலியமூர்த்தியுடையது. அவரும் அதே தொழிற்சாலை, விழுப்புரம் பக்கத்துக்காரர்.

டிவிடி காலத்தில் இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை முப்பது ரூபாய் கொடுத்து ஒரு படம் எடுப்பார்கள். மாலை ஆட்டம் இருதயராஜ் வீட்டில், அடுத்த ஆட்டம் கலியமூர்த்தி வீட்டில். ஒரு வாடகை, இரண்டு குடும்பம். மோகனுக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

கடை மூடி, படம் கம்பிவழி வர ஆரம்பித்த பிறகும் வழக்கம் மாறவில்லை. கலியமூர்த்தி வீட்டு டிவி இருதயராஜின் வைஃபையில் ஓடியது. நடுவில் ஒரு சுவர்தானே, கம்பெனி கண்ணுக்கு இரண்டும் ஒரே வீடு. ஆரம்பத்தில் மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மோகன் ஏழு டிவிடிக்கு வாங்குகிற காசைவிடக் குறைவு என்று இருதயராஜ் பெருமையடித்துக்கொண்டார். பிறகு முந்நூறு, அப்புறம் நானூறு ஆனது. இப்போது ஐந்நூறுக்கு ஒரு ரூபாய் கம்மி. கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை. தூண்டிலில் புழுவை மாட்டும்போது மீனிடம் விலை சொல்வதில்லை என்று நான் முன்பே நினைத்தேன், ஆனால் இருதயராஜ் என்னைக் கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் விலையோடு ஒரு அறிவிப்பும் வந்தது. "உங்கள் வீட்டுக்கு வெளியே ஒரு டிவியில் உங்கள் கணக்கு பயன்படுத்தப்படுகிறது. இடம்: சென்னை. அதை நீக்குங்கள், அல்லது கட்டணம் செலுத்திக் கூடுதல் உறுப்பினராகச் சேருங்கள். கடைசி நாள் மார்ச் 31."

வெளியே ஒரு டிவி. இருதயராஜ் அறிவிப்பை மூன்று தடவை படித்தார்.

(அவருக்கு ஒரு மகள் உண்டு. பெயர் ரெனிதா. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அந்த வீட்டில் யாரும் சொல்லாததால் எனக்கும் மறந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் பூபாலன் என்பவரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். கோயிலுக்கு மாலை போடுகிற குடும்பத்துப் பையன், சர்ச் கல்யாணத்துக்கு ஒத்துவரவில்லை. "அவ பேரு இனிமே இந்த ஊட்ல கேக்கக் கூடாது" என்றார் இருதயராஜ். கேட்கவில்லை. ஓசூரில் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று...

இல்லை. இருதயராஜ் அன்று வாசலுக்கே வரவில்லை. அவர் பார்க்காததை நான் எழுதுவது நியாயமில்லை.)

4

கலியமூர்த்தியின் மச்சான் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டி, பொங்கலுக்குப் புது டிவி வாங்கியிருந்தார். இருதயராஜுக்கு அது போதும். மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்தார்.

"இன்னா கலியா, உன் மச்சான் பெரிய டிவி வாங்கிக்கீறானாமே?"

"ஆமாண்ணே, நாப்பத்திமூணு இன்ச்சு."

"படம்லாம் எதுல பாக்குறான்?"

"என்னண்ணே இது? நேரா கேளுங்க."

"பாஸ்வேர்ட அவனுக்குக் குட்த்தியா, இல்லியா?"

ஷிப்டுக்கு வந்தவர்கள் வண்டியைப் பூட்டாமல் நின்று கேட்டார்கள். கலியமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு டிவிடிய ரெண்டு வீட்லயும் எத்தன வருஷம் பாத்திருப்போம். கீறல் விழுந்தா யாரால விழுந்துச்சுன்னு ஒரு நாளாவது நான் கேட்டிருப்பனா? என் பொண்ணு மேல சத்தியமா நான் குடுக்கலண்ணே. பொண்ணு மேல சத்தியம்னா என்னன்னு உங்களுக்கு..."

இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை, கலியமூர்த்திதான் விட்டார். அன்று மாலையே தன் டிவியிலிருந்து கணக்கை எடுத்துவிட்டு, வீட்டுச் சாவியைத் திருப்பித் தருகிற மாதிரி சொல்லியும் அனுப்பினார்: "உங்க படம் எனக்கு வேணாம்." இருபத்திரண்டு வருட சிநேகிதம், கம்பெனியின் நான்கு வரியில் போயிற்று.

இங்கே என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. இருதயராஜ் கஞ்சர் இல்லை. பங்குத் திருவிழாவுக்குக் கொடி வாங்கித் தருகிறவர். இவ்வளவு ஆத்திரம் சந்தாவுக்காகத்தானா? கேட்டுப் பார்த்தேன். "திருட்டு திருட்டுதான்" என்றார். நான் நம்பவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டேன்.

5

திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் ஃபோனில் கணக்கைத் திறந்தார். உள்ளே மூன்று பெயர்கள். 'ராஜ்', 'கலியா', அப்புறம் கம்பெனி யாரும் கேட்காமலே எல்லோருக்கும் போட்டுக்கொடுக்கும் 'குழந்தைகள்'. இரண்டு வீட்டிலும் குழந்தை கிடையாது. கலியமூர்த்தியின் பெண்ணே கல்லூரிக்குப் போகிறது. அதனால் மூன்றாவதை யாரும் தொட்டதில்லை. இருதயராஜ் தொட்டார்.

அது நிரம்பி வழிந்தது. கரடிக்குட்டி கார்ட்டூன், ரயில் வண்டி கார்ட்டூன், எண்ணுப் பாட்டு, திரும்பவும் கரடிக்குட்டி. பார்த்த தேதிகள் வரிசையாக இருந்தன. ஜனவரி முழுக்க, பிப்ரவரி பாதி, ஒரு நாள்கூட விடவில்லை.

"திருட்டுப் பய, புள்ளய வேற வெச்சு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிப்ரவரி பதினேழு, செவ்வாய்க்கிழமையோடு பட்டியல் நின்றிருந்தது. பதினெட்டாம் தேதி சாம்பல் புதன்.

தவக்காலம் தொடங்கியதும் டிவியை அணைக்கிறவன் கலியமூர்த்தியின் மச்சானாக இருக்க முடியாது. அப்படியானால் திருடன் நம்ம ஆள். ஒரு நிமிடம் அவர் பாடகர் குழு செபாஸ்டியனைச் சந்தேகப்பட்டார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

அதற்குக் கீழே மூன்று தேதிகள் தனியாக இருந்தன. மூன்றும் ஞாயிறு. மூன்று ஞாயிறும் ஒரே படம், ஒரு யானைக்குட்டிப் படம். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம். சிவப்புக் கோடு பாதியைத் தாண்டி நின்றிருந்தது.

இருதயராஜ் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

தவக்காலத்தில் டிவி கூடாது என்பது பல வீட்டில் உண்டு. ஞாயிறு மட்டும் பூசை முடிந்து வந்து படம் போடலாம், சோறு தட்டில் விழுந்ததும் எந்தக் காட்சியானாலும் நிறுத்திவிட வேண்டும், மிச்சம் அடுத்த ஞாயிறுதான் என்பது ஒரே ஒரு வீட்டுச் சட்டம். போட்டவர் இருதயராஜ். டிவிடியைத் திங்களன்று திருப்பிவிட வேண்டும் என்பதால் அந்த மிச்சம் வரவே வராது. தவக்காலத்தில் எடுத்த எந்தப் படத்துக்கும் அந்த வீட்டில் முடிவு தெரியாது. ஒன்பது வயதில் ரெனிதா ஒரு முழு ஞாயிறு இதற்காக அழுதிருக்கிறாள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கைத் தொடங்கி பாஸ்வேர்ட் போட்டவளும் அவள்தான். அவளுக்கு யாரும் கொடுக்க வேண்டியதில்லை. இவர் மாற்றவே இல்லை.

"அந்த வயசுப் புள்ளைக்குப் போயி தவக்காலமா?" என்றார் இருதயராஜ், காலி அறையைப் பார்த்து. பேரப்பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குத் தெரியாது. எந்தக் கார்ட்டூன் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது.

[* இது ஒன்றும் ருசு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். இதே சட்டம் வேறொரு வீட்டிலும் இருக்கலாம். நானும் அப்படித்தான் சொன்னேன். இருதயராஜ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடைப்புக்குறியை மூடிவிட்டேன்.]

6

அடுத்த சந்தேகம் ஜெயகுமாரி மேல். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர் வேப்பம்பட்டில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். போகும்போது பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கரடி உருவப் பிஸ்கட்டும் இருக்கும். ஜெபக் கூட்டத்துக்குக் கரடி பிஸ்கட் எதற்கு? மகள் ஓசூரில் என்று சொன்னார்கள், கம்பெனி சென்னை என்கிறதே?

"கூட்டத்துல எத்தினி பேர் வருவாங்க?" என்றார் இருதயராஜ்.

ஜெயகுமாரி திரும்பிப் பார்த்தார். "நோம்பு நாள்ல கையில ஃபோன வெச்சிகினு கார்ட்டூன் பாத்துகினு கீறீங்க. நீங்க என்னிய கேள்வி கேக்குறீங்களா?"

"நான் ஒன்னியும் பாக்கல."

"யானைக்குட்டி தெரிஞ்சுதே."

கவிழ்த்து வைத்த ஃபோனில் யானைக்குட்டி எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலில் அந்தப் பெயர் இருக்கும். போட்ட சட்டத்தில் போட்டவரே மாட்டிக்கொண்டார்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று எழுதினேன்.

(அ) இருதயராஜ் 'நீக்கு' என்பதை அழுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு டிவியில் யானைக்குட்டி வரவில்லை. குழந்தை கேட்கிறது, ரெனிதா டிவியை அணைத்துவிட்டு... இதைக் கிழித்துவிட்டேன். எழுதும்போது எனக்கே வலித்தது.

(ஆ) ஜெயகுமாரிக்குத் தெரியாமல் வேப்பம்பட்டு வரை பின்தொடர்ந்து போகிறார். ரயிலில் கலியமூர்த்தி எதிரே உட்கார்ந்திருக்கிறார், இருவரும் பேசிக்கொண்டு... இதுவும் வேண்டாம். மன்னிப்பு அவ்வளவு சுலபமாக டிக்கெட் எடுத்துக்கொண்டு வராது. ஆனால் அவர் கலியமூர்த்தியிடம் போய்த்தான் ஆக வேண்டும். அதை அவருக்கு நினைவூட்ட மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

(இ) மார்ச் மாதக் கடைசி வெள்ளி. சிலுவைப் பாதை முடிந்து வந்த இருதயராஜ், செருப்பைக் கழற்றிய கையோடு டிவியைப் போடுகிறார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தவக்கால வெள்ளிக்கிழமையில். 'கூடுதல் உறுப்பினரைச் சேர்' என்பதை அழுத்துகிறார். கட்டணத்தைக் கேட்டது, சரி என்றார். அதில் அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. இத்தனை பக்கம் பணத்துக்காகச் சண்டை போட்ட மனிதர் இவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த பக்கம் வந்தது. அதில் ஒரு பெட்டி. 'இவரது பெயர்'.

8

திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொன்றாகப் போய்த் தொட வேண்டும். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கிறது, எடுக்கத் தோன்றவில்லை. அம்பு மேலே போகிறது, கீழே வருகிறது, எங்கும் நிற்கவில்லை.

அடுப்படியில் ஜெயகுமாரி கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கிறார். "இன்னா அவ்ளோ நேரமா தேடிகினு கீறீங்க?"

"எழுத்து."

"எந்த எழுத்து? சொல்லுங்க, நான் வந்து பாக்குறேன்."

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஜெயகுமாரிக்கு எந்த எழுத்து என்று தெரியாது என்பதை நான் நம்பவில்லை. இந்தக் கதையில் நான் யாரை நம்பினேன், இவரை நம்ப? பதிலை அவர் வாயாலேயே வரவழைக்கத் தெரிந்தவள் கேட்கிற கேள்வி அது.

இருதயராஜ் வாயைத் திறக்கிறார்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும், நான்கு வருடமாக அடுப்படியில் ஒரு பெண் காத்திருந்தது என் குரலுக்கு இல்லை. இந்தப் பக்கத்தை மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள், இருதயராஜுக்காக ஒரே ஒரு தடவை, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுப்படி வரைக்கும் கேட்க வேண்டும்.