நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியே

மூன்றாம் மாடி நடைபாதையில் பாதித் தூரம் அவள் துடைத்திருந்தாள். அப்போது சாத்தியிருந்த வகுப்பறைகளுக்குள் எல்லா போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின. கதவுகள் திறந்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் பையைத் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே படியிறங்கினார்கள். ஈரத்தில் மிதித்த ஒரு பையன் மட்டும் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, "ஸாரி ஆன்ட்டி" என்றான்.

"பரவால்லப்பா, வழுக்கும், ஓரமா போ" என்றாள். அன்றைக்கு அவளோடு பேசிய முதல் ஆள் அவன்தான். அவள் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டான்.

அவளை எல்லோரும் 'மூணாம்மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக அதே மாடியில் துப்புரவு வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். மகள் கல்யாணமாகித் தூரத்துக்குப் போய்விட்டாள். வாயில் பாசி பிடிக்காமல் இருக்கக் கழிவறைக் குழாய்களோடு பேசுவாள். ஓயாமல் ஒழுகுகிற ஒன்றைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்னடி தீராத அழுகை?" என்று திட்டுவாள்.

வகுப்புக்குத் தொந்தரவு என்று மணியை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. சும்மா சும்மா அலறுகிறது என்று அபாயச் சங்கையும் நிறுத்தினார்கள். இனி எல்லாமே பல்கலைக்கழக ஆப்பில்தான் வரும் என்றார்கள். அதைத் தன் போனிலும் ஏற்றித்தரச் சொல்லி இரண்டு தடவை அலுவலகத்துக்கு நடந்தாள்.

"அதுக்கு ஐடி நம்பர் வேணும்மா. மாணவர்களுக்கும் ஸ்டாஃபுக்கும்தான் குடுப்போம். நீங்க கான்ட்ராக்ட் ஆளு, உங்கள்ல சூப்பர்வைசருக்கு மட்டும்தான் உண்டு" என்றான் கிளார்க்.

"நான் தொடைக்கிற தரையில நடக்கறவங்களுக்கெல்லாம் வருது, எனக்கு வராதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவனும் சிரித்தான். அதோடு சரி.

இப்போது மாடியில் ஈ காக்கை இல்லை. வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தாள். மனசு குளிர்ந்துபோனது. மிதிக்க ஆளில்லாத தரையை மடமடவென்று முடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸையே பிடித்துவிடலாம்.

கழிவறையில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது நெடி ஏறியது. கண் எரிந்தது. ஆசிட் ஊற்றிய வாளியைக் கழுவாமல் அதிலேயே பவுடரைக் கொட்டிவிட்டோமோ? இரண்டும் கலந்தால் விஷப் புகை கிளம்பும் என்பது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். போன மாதம் கீழ்மாடிக்காரி இப்படித்தான் கலந்துவிட்டாள். அன்றைக்கே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வாளியைக் கவிழ்த்தாள். குழாய்களையெல்லாம் திறந்துவிட்டாள். நெடி வெளியே போய் யார் மூக்கிலும் ஏறிவிடக் கூடாதென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நெடி குறைகிற வழியாக இல்லை. சுவர் உச்சியில் இருந்த காற்றுக்குழாய் வழியாக அது வந்துகொண்டே இருந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை, தரையையே தேய்த்தாள். "அதான் கழுவிட்டேனே, போய்த் தொலையேன்" என்று கெஞ்சினாள். நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்படி வழியாக இறங்கினாள்.

பின்வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசருக்கு அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா! நீங்க உள்ளேயா இருந்தீங்க?"

"தப்பு என் மேலதான் தம்பி. வாளியைக் கழுவாம..." இருமல் அவளைப் பேசவிடவில்லை.

"எந்த வாளி? லேப்ல சிலிண்டர் கசிஞ்சிருக்குக்கா. குளோரின். எல்லாரும் உடனே வெளியேறணும்னு முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடியே ஆப்ல வந்துச்சே!"

"அப்ப நான் கலக்கலையா?"

முதலில் வந்தது நிம்மதிதான். முக்கால் மணி நேரம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே தம்பி" என்றாள். "எத்தனை பேரு என்னைத் தாண்டிப் போனாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலையே."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வெளிய வந்தவங்க ஆப்ல ஒரு பட்டனை அமுக்கணும்க்கா. நானூத்திப் பன்னெண்டு பேரும் அமுக்கியாச்சு. உள்ள யாரும் இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட்டும் போயிடுச்சு. இப்ப நீங்க போய் நின்னா, ஆளை உள்ள விட்டுட்டு வந்துட்டோம்னு எங்க கான்ட்ராக்டையே கிழிச்சுடுவாங்க. உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியே. எனக்கு மூச்சு முட்டுது தம்பி."

"வெளிக்காத்து பட்டா சரியாயிடும்க்கா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

கேட்டுக்குப் போக வேறு வழி இல்லை, முன்பக்கமாக நடந்தாள். அங்கே புல்தரையில் மாணவர்கள் கும்பல் கும்பலாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜனைத் தயாராக வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி, "மூச்சுத் திணறல் யாருக்காவது இருக்கா? கண்ணெரிச்சல்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். மூணாம்மாடியின் எதிரில் வந்ததும் நின்றாள்.

"கண்ணு செவந்திருக்கேம்மா. நீங்க உள்ள இருந்தீங்களா?"

இரண்டடி பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தான். கீழ்மாடிக்காரி சீருடையைக் கழற்றிக் கொடுத்தது கண்முன் வந்தது. அவள் இருமலை மென்று விழுங்கினாள். இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் இருமல் நிற்காது.

நர்ஸ் அடுத்த ஆளிடம் போனாள். கொஞ்ச நேரத்தில், "எல்லாரும் சேஃபாம்டி!" என்று ஒரு பெண் போனைப் பார்த்துப் படித்தாள். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள். அவள் மெல்ல நடந்து, கேட்டோரம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து இருமினாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வந்தது.

"ஏம்மா, காலை மடக்கும்மா, ஆம்புலன்ஸ் போகணும்" என்றான் காவலாளி.

அவள் காலை மடக்கிக்கொண்டாள். படுக்கையில் யாரும் இல்லாமல் வண்டி அவளைத் தாண்டிப் போனது.