மூன்றடி ஏழு அங்குலம்

கொத்தனார் கரண்டியில் கலவையை அள்ளிச் சுவரில் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் ஊரான் வீட்டைக் கட்டுகிறவருக்கு ஏழாவது நாள்தான் சொந்தத் தெருவுக்கு வாய்க்கும். தெருவின் பின்னால் சாக்கடைக் கால்வாய் ஓடியது. அதன் கரைப் பக்கம் ஒவ்வொரு வீடும் மூன்றடி, நாலடி என்று நீண்டிருந்தது. நீட்டியதெல்லாம் அவர் கைதான். இன்று தையல்காரி வீடு. மிஷினைப் போட்டால் படுக்க இடமில்லை, படுத்தால் மிஷினுக்கு இடமில்லை என்று ஏழு வருஷம் ஓட்டிவிட்டாள். இனி மிஷின் பின்கட்டில் நிற்கும்.

எட்டாவது படிக்கும் அவர் மகள் டேப்பைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அத்தை, பின்னாடி எவ்வளவு இழுத்திருக்கீங்க?"

"மூணரை அடிடி என் கண்ணு. ஆபீஸ்காரன் கேட்டா ஷீட்டு சாத்தி வச்சிருக்கேன்னு சொல்லுவேன். உன்கிட்ட எனக்கென்ன பொய்யி?"

"மூணடி ஏழு அங்குலம்."

"அடியாத்தி! ஒரு அங்குலத்தைக்கூட விட மாட்டேங்கறாளே!" தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொத்தனார் சிரிக்கவில்லை. "இதெல்லாம் எதுக்கு பாப்பா? கணக்குப் புத்தகத்துல கணக்குக்கா பஞ்சம்?"

"ப்ராஜெக்ட்டுப்பா. புத்தகத்தை மூடி வைங்க, உங்க தெருதான் பாடம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. தெருவையே வரையணும்."

"பணக்காரப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துலயும் அவங்கவங்க வீட்டை அளக்கச் சொல்றாங்களா?"

மகள் அளவை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் நுழைந்தார். டீச்சர் சின்னப் பெண். இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புது மாதிரி பாடம் நடத்தவென்று ஏதோ ஓர் அமைப்பு அனுப்பியிருந்தது.

"வாங்க சார், உக்காருங்க."

யாராவது 'சார்' என்றால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர் அவர். உட்காரவில்லை.

"இந்தத் தாளு கடைசில எங்க போகும்?"

"கண்காட்சியில வைப்போம். அப்புறம் உங்க பொண்ணுகிட்டயே குடுத்துடுவோம்."

"காப்பி எடுப்பீங்களா?"

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "நல்லது செய்ய வந்தாக்கூட சந்தேகப்பட்டா எப்படி சார்? கணக்குல ஒரு தடவைகூட பாஸாகாத பொண்ணு இப்ப கால் அங்குலத்துக்கு என்கூட சண்டை போடறா. அது உங்களுக்கு சந்தோஷமா இல்லையா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் அவள் கலர் பென்சிலைச் சீவிச் சீவித் தாளின் மேல் கவிழ்ந்து கிடக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கண்காட்சியில் அவளுக்கு முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்த நகராட்சி அதிகாரி அந்த வரைபடத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றார். போனை எடுத்து மூலை மூலையாகப் படம் பிடித்தார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரிசையில் நின்ற கொத்தனார் பரிசைப் பார்க்கவில்லை, அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலையில், தையல்காரி வீட்டு வாசலில் நகராட்சி ஆட்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். மகள் அங்கேதான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற அதிகாரி பரிசு கொடுத்தவர் இல்லை, வேறொருவர். அவர் கையில் ஒரு பெரிய தாள்.

"பின்னாடி கால்வாய் இடத்துல கட்டியிருக்கீங்கம்மா."

"ஷீட்டு சாத்தி வச்சிருக்கேனுங்க சார், அவ்வளவுதான்" என்று ஆரம்பித்த தையல்காரி தாளைப் பார்த்தாள். அதில் தன் வீட்டுக்குப் பெண் கலர் பென்சிலால் பூசியிருந்த பச்சை நிறத்தைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள்.

"சார், அது தப்பு சார்," பெண் பதறி எழுந்தாள். "எனக்கு அளக்கத் தெரியாது. நான் கணக்குல ஃபெயில் சார்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. சிரித்தார். "அந்தப் பொண்ணு நீதானா? முதல் ஏழு வீட்டை அளந்து பார்த்துட்டுதாம்மா வர்றோம். ஒரு அங்குலம் பிசகல. எங்க ஆளுங்களா இருந்தா ரெண்டு மாசம் இழுத்திருப்பாங்க." பின்னால் திரும்பினார். "இனிமே டேப் வேண்டாம்ப்பா. தாள்ல இருக்கறபடியே இடிக்கற கோடு போட்டுட்டு வா."

பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் தையல் மிஷினுக்கு இந்தப் பக்கம் தரையில் சிவப்புக் கோடு இழுத்தான். தையல்காரி மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கோடு வந்தபோது காலை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

"ஏன்டி," என்றாள்.

"அடுத்த வீடு எது சார்?" என்றான் பெயிண்ட் டப்பாக்காரன்.

அதிகாரி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "'எங்கள் வீடு'ன்னு எழுதியிருக்கு. நாலடி ஒரு அங்குலம்."

வெளியே போய்ப் பார்த்தவன் திரும்பி வந்தான். "பூட்டியிருக்கு சார்."

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாவி பெண்ணின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, அன்பாகவே கையை நீட்டினார்.