குரங்கைப் பார்த்துச் சிரித்தவள்

ரெத்னோ சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டாள்.

தப்பு அவள் கணவன் குந்தோரோவுடையது. எதைப் பார்த்தாலும் அதைப் போல நடித்துக் காட்டாவிட்டால் அவனுக்குத் தின்றது செரிக்காது. செமராங்கில் விமானம் ஏறியதிலிருந்து பணிப்பெண், சிங்கப்பூர் அதிகாரி, ஓட்டல் வாசல்காரர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. இன்று மிருகக்காட்சிசாலை, கேட்கவா வேண்டும்! நீள மூக்குக் குரங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்து, தொங்கிய மூக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு இலை தின்றுகொண்டிருந்தது. குந்தோரோ தன் மூக்கைக் கீழே இழுத்து, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, "போன ஞாயித்துக்கிழமை தெரு கூட்ட யாரு யாரு வரலை?" என்றான். அவர்கள் தெருத் தலைவர் ஹர்யோனோவே அப்படியே இறங்கி வந்து நின்ற மாதிரி இருந்தது. ரெத்னோ குபீரென்று சிரித்தாள்.

சிரித்த வாயைச் சட்டென்று பொத்திக்கொண்டாள்.

வயிற்றில் பிள்ளையோடு ஒரு மிருகத்தைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தால் அதன் சாயல் பிள்ளைக்கு வரும். அதைவிட மோசமானதும் வரும். சிரித்த மறுகணம் வயிற்றைத் தடவி "அமீத் அமீத்", மன்னிக்கணும் மன்னிக்கணும், என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஜாவாவில் இது தெரியாத பெண் கிடையாது. வங்கியில் வேலை பார்க்கும் ரெத்னோவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. போன வருஷம் வரை இல்லை.

ஆனால் எப்படிச் சொல்வது? மாமியார் சுலாஸ்த்ரி, மகனும் மருமகளும் 'இபு' என்று கூப்பிடும் அம்மா, பக்கத்திலேயே நிற்கிறார். கை வயிற்றுக்குப் போனால் அவருக்குப் புரிந்துவிடும். அவருக்குப் புரிந்தால் தெருவுக்கே புரிந்த மாதிரி. முதல் தடவை அன்று மாலையே சீட்டுக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். இரண்டாம் தடவை அடுத்த தெருவுக்கும் செய்தி போனது. இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. வாழ்த்த வந்த அதே பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். குந்தோரோ ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் வெகுநாள் அவன் யாரைப் போலவும் நடித்துக் காட்டவில்லை. அதனால்தான் இந்தத் தடவை அவனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. மூன்று மாதம் தாண்டட்டும் என்று இருந்தாள்.

கைப்பையை வயிற்றோடு அணைத்து, அதன் மறைவில் தடவி, மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசுக்குள் சொன்னால் செல்லுமா? யாரைப் போய்க் கேட்பது? கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு வாய்விட்டே சொன்னாள். வெளியே வந்ததும் அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டது. குரங்கின் காதில் விழாமல் சொன்னது சேர்த்தியா? அடிவயிறு லேசாகச் சுண்டியது போலிருந்தது. நிஜமா, நினைப்பா என்று தெரியவில்லை.

குந்தோரோ ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்தான்.

"இபுவும் உன் பின்னாடிதானே போனாங்க, பாக்கலையா? ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? குரங்கு கனவுல வந்துச்சா?"

"வெயிலு மாஸ்," என்றாள் கணவனிடம். "கைக்குட்டையைக் குரங்குகிட்டயே விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துர்றேன்."

அரக்கப் பரக்கத் திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு மாமியார் குரங்கிடம் பேசிக்கொண்டிருந்தார். குரலில் அத்தனை மரியாதை.

"மனசுல வச்சுக்காதீங்க ஐயா. சிரிச்சது சின்னப் பொண்ணு. சேட்டை பண்ணினது நான் பெத்த தறுதலை. அமீத் அமீத்."

"இபு..."

சுலாஸ்த்ரி திரும்பினார். "காலைல அன்னாசித் துண்டையெல்லாம் அவன் தட்டுக்குத் தள்ளுனியே. அன்னாசின்னா உசுரை விடுறவ நீ. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க இபு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். அவருக்கும் தெரியாது."

"போன தடவை ஊரெல்லாம் சொல்லிட்டு நான் பட்டது போதாதா? என் வாயால ஒரு வார்த்தை வராது. நீ இப்போ உன் வாயால சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு."

ரெத்னோ உள்ளங்கையை வயிற்றில் வைத்துச் சொன்னாள். குரங்கின் காதில் விழட்டும் என்று மறுபடி உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"தலைவர் இன்னும் கூட்டத்தை முடிக்கலையா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஒரு கையில் ஐஸ்கிரீமோடு வந்த குந்தோரோ மறுகையால் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

சுலாஸ்த்ரி பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். அவன் அதிர்ந்ததில் மறுகையிலிருந்த ஐஸ்கிரீம் தரையில் விழுந்தது.

"கையை எறக்கு. வாயை மூடு. அவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

வளர்ந்த மகன் மேல், அதுவும் ஒரு குரங்குக்காக, ஒரு ஜாவாக்காரத் தாய் கைநீட்டுகிறாள் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். குந்தோரோ அம்மாவைப் பார்த்தான். பிறகு மனைவியின் வயிற்றில் இன்னும் எடுக்காமல் இருந்த கையைப் பார்த்தான். சுலாஸ்த்ரி நாக்கைக் கடித்துக்கொண்டார். வாயை அடக்கியவருக்குக் கையை அடக்கத் தெரியவில்லை.

அவன் குரங்கின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்துகொண்டான்.

பென்குவின்கள் அசைந்து அசைந்து நடந்தன. பபூன்கள் சிவந்த பின்புறத்தைக் காட்டிக்கொண்டு போயின. அவன் தரையைப் பார்த்தபடியே நடந்தான். வராந்தாவில் பார்த்த அதே முகம். இந்த முகத்துக்குப் பயந்துதானே இத்தனை நாள் ஒளித்து வைத்தாள்! குரங்கின் சாயல்கூடப் பெரிதில்லை என்று தோன்றியது அவளுக்கு.

"மாஸ், எதாவது பண்ணிக் காட்டுங்களேன். மிருகம் வேண்டாம். மனுஷங்க யாரையாவது."

அவன் நின்றான். கண் கலங்கியிருந்தது. மெல்ல இடுப்பில் கையை ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி, "கையை எறக்கு. வாயை மூடு" என்றான். குரல் பாதியில் உடைந்தாலும் அச்சு அசலாக அம்மாதான்.

ரெத்னோவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சுலாஸ்த்ரி ஓடிவந்து மருமகள் வயிற்றில் கையை வைத்து, "அமீத் அமீத்" என்றார். "புள்ளைக்கு என் மூஞ்சி வந்து தொலைக்கப் போகுது."

பயம் அப்படியேதான் இருந்தது. அந்தக் கையை மட்டும் அவள் எடுக்க விடவில்லை.