கஸ்பாரின் கூலி

திண்டுக்கல்லில் மைதீன் பிச்சையின் தோல் கிடங்கை உடைத்துத் திருடிய வழக்கில் கஸ்பாருக்கு மூன்று வருடம் தண்டனை. மதுரை ஜெயிலில் அவனுக்குத் தறி வேலை கொடுத்தார்கள். எண்பத்தாறில் ஒரு வங்கி, கைதிகளின் கூலியை அவரவர் ஊர்க் கிளையிலேயே கணக்குத் தொடங்கிப் போட ஏற்பாடு செய்தது. அந்தப் பணத்தை மனைவியும் எடுத்துக்கொள்ளலாம். செய்தி பேப்பரில் வந்ததிலிருந்து திண்டுக்கல் டீக்கடைகளில் அதே பேச்சு. யோக்கியன் கணக்குத் தொடங்கப் போனால் ஆயிரம் கேள்வி, திருடனுக்கு வங்கியே ஜெயிலுக்குப் போகிறதா என்று கொதித்தவர்கள்தான் அதிகம். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமே என்று ஓரிருவர் முனகினார்கள்.

கஸ்பாரின் மனைவி செபாஸ்தியம்மாளுக்கு வேறு கவலை. மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி போடுங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பி இரண்டு மாதமாகிவிட்டது. வெங்காயப் பேட்டையில் அவளுக்குக் கிடைத்த கூலி அரிசிக்கே சரியாய்ப் போனது. ஒரு திங்கட்கிழமை, பாஸ்புக்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

குமாஸ்தா பெயரைப் படித்துவிட்டு, "ஜெயில் கணக்குதானம்மா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசை முழுக்கக் காதில் விழுந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்களோடு நிற்பதற்கு என் கணக்கையே முடித்துக்கொள்கிறேன் என்றார் பின்னால் நின்றவர். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். திரும்பிப் போய்விடலாமென்று பார்த்தவள், வரிசைக் கடைசியில் மைதீன் பிச்சை நிற்பதைக் கண்டாள். அங்கேயே நின்றுவிட்டாள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கிட்ட அவன் எடுத்தது திருட்டு. இது தறியில உக்காந்து சம்பாரிச்ச கூலி. ரெண்டையும் ஒண்ணாக்காதீக," என்றார். பிறகு அவளிடம், "நீ வாங்கிட்டுப் போம்மா."

கணக்கை முடிப்பதாகச் சொன்னவர் கையிலிருந்த சலானைப் படிக்க ஆரம்பித்தார். பணத்தை வாங்கிக்கொண்டு மைதீன் பிச்சையைக் கடக்கும்போது செபாஸ்தியம்மாள் கை கூப்பினாள். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த முறை ஜெயிலுக்கு மனுப்போட்டுப் பார்க்கப் போனபோது, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற கஸ்பாரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அவரேவா சொன்னாரு?"

"அவரேதான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு, "வெளிய வந்ததும் மொதல்ல அவரு வாசல்ல போயி நிக்கணும்," என்றான்.

"நானும் கூட வாரேன்," என்றாள் அவள்.